வயலில் எழும் வாயுவை அளப்பது எப்படி?

இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் வெளியேறுவதாக 1990-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. பிற நாடுகளில் எடுத்த அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. அடுத்த ஆண்டே புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்னின்று, நம் நாட்டு வயல்களிலேயே அளந்து பார்க்கப்பட்டது. விடை சுமார் 40 இலட்சம் டன். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு!

புவி வெப்பமடைவதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற உலகப் பேச்சுவார்த்தையில், இத்தகைய தவறு ஏழை விவசாயியின் மீது வீண்பழியாக விழும். எனவே இந்த அளவீடு எப்படி நடக்கிறது என்பதை நாம் அறிந்து கொள்வது நல்லது.

அளவீடு

நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாதபோது நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் உள்துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே பயிரையும் சேர்த்து ஒரு பெட்டியால் மூடி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசிக்குழலால் காற்றை எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். வாயுவின் செறிவு உயரும் வேகமே கணக்குக்கு அடிப்படை. நடவு முதல் அறுவடை வரை இது தொடர வேண்டும்.

மாதிரிக் கணக்கு

எல்லா வயலிலும் பெட்டி வைக்க முடியாது. அதற்காக ஐபிசிசி ஒரு எளிய வழி தந்துள்ளது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, தெற்காசியாவில் தொடர்ந்து நீர் நிற்கும் ஒரு ஹெக்டேர் வயலுக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். 110 நாள் பயிருக்கு 93.5 கிலோ ஆகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பலமுறை நீரை வடித்தால் 0.55 ஆல் பெருக்க வேண்டும். சுமார் 51 கிலோவாகக் குறைகிறது. மண், வானிலை, உரம் ஆகியவற்றை நாள்தோறும் கணக்கிடும் டிஎன்டிசி போன்ற கணினி மாதிரிகளும் உள்ளன.

ஆனால் வயல் காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டக் கூடியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான இலாபம் தெரியும்.

இன்று கார்பன் வரவுத் திட்டங்கள் விவசாயிகளைத் தேடி வருகின்றன. கையெழுத்திடும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கணக்கு யாருடைய வயலில் அளந்தது?