சிட்மகால்

வங்கமொழிச் சொல்; ஒரு நாட்டுக்குள் சிக்கிய இன்னொரு நாட்டு நிலத்துண்டைக் குறிப்பது. ‘சிட்’ சிதறிய துண்டு. ‘மகால்’ வரிவசூலுக்குரிய நிலப்பகுதி. இடம் என்று பொருள்படும் அரபுச் சொல் இதற்கு மூலம். மதுரை நாயக்கர் மகாலும் இந்த வழி வந்ததே. அங்கே அரண்மனை, இங்கே வெறும் வயல்.

2015 வரை வங்கதேசத்துக்குள் இந்தியத் துண்டுகள் 111, இந்தியாவுக்குள் வங்கதேசத் துண்டுகள் 51. தகலா காக்ராபாரி என்ற வயல்தான் உச்சம்: வங்கதேசத்துக்குள் ஓர் இந்தியத் துண்டு, அதற்குள் வங்கதேசத் துண்டு, அதற்குள் மறுபடி இந்தியா! பட்டா கேட்டு எந்தத் தாசில்தாரிடம் போவது?

துண்டுகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் 1974இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்டும், நம் அரசியல் சட்டத்தின் 100ஆவது திருத்தம் வரும்வரை விஷயம் கிடப்பில் கிடந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்பதை அங்கிருந்தவர்களே தேர்ந்துகொண்டார்கள்.