டூட்டிங்கின் மெய்நிகர் நோயாளிகள்: பணியிடப் பயிற்சியில் இணையத்தின் பங்கு

தெற்கு லண்டனின் டூட்டிங் பகுதி, தமிழர்களிடையே அதன் கடைகளுக்காகவும் உணவகங்களுக்காகவும் கோயில்களுக்காகவும் அறியப்பட்ட இடம். டூட்டிங் பிராட்வே நிலக்கீழ் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள செயிண்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பணியில் இருந்துகொண்டே தொழில் பயில்வோருக்கு இணையத்தின் வழியாக எவ்வாறு கற்பிப்பது என்ற கேள்விக்கு, அங்குள்ள மருத்துவக் கல்வி நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் ஒரு துணிச்சலான விடையை முன்வைத்தது.

1733-இல் ஹைட் பார்க் கார்னரில் தொடங்கப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் மருத்துவமனை, 1980-இல் அங்கிருந்த பழைய கட்டடத்தை முற்றாகக் கைவிட்டு டூட்டிங்கில் நிலைகொண்டது. பழைய கட்டடம் இப்போது ஓர் ஆடம்பர விடுதி. மருத்துவமனையை ஒட்டி வளர்ந்த மருத்துவக் கல்லூரி, கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, பாராமெடிக் எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர்களுக்கான படிப்பையும் நடத்திவந்தது. சிக்கல் தொடங்கியது இந்தப் படிப்பில்தான்.

"பிரச்சினை சார்ந்த கற்றல்" என்ற முறை, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-இல் தொடங்கி உலகெங்கும் பரவியது. விரிவுரைக்குப் பதிலாக ஒரு நோயாளியின் கதையை எடுத்துக்கொண்டு, மாணவர்கள் சிறு குழுவாக அமர்ந்து, பயிற்றுநரின் முன்னிலையில் அதை அலசுவார்கள். ஆனால் அவசர மருத்துவ உதவியாளராகப் பயில்பவர் தனது காலத்தின் பெரும்பகுதியை ஆம்புலன்ஸ் நிலையங்களில் களப்பயிற்சியில் கழிக்கிறார். ஒருவருக்கு இரவுப் பணி, மற்றவருக்குப் பகல் பணி. ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் நகரின் வெவ்வேறு மூலைகளில் சிதறியிருப்பார்கள். அவர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைப்பது நடைமுறையில் எளிதல்ல.

இன்னொரு குறையும் இருந்தது. காகிதத்தில் எழுதப்பட்ட நோயாளியின் கதை ஒரே நேர்கோட்டில் செல்வது. மாணவர்கள் தவறான முடிவை எடுத்தாலும், அடுத்த பக்கத்தில் சரியான சிகிச்சை அளிக்கப்பட்டுவிட்டதாகவே எழுதியிருக்கும். தவறுக்கு விளைவே இல்லை. பேராசிரியர் டெர்ரி போல்ட்டன் தலைமையிலான செயிண்ட் ஜார்ஜ் மின்கற்றல் பிரிவினர் இதற்கு மாற்றாகக் கிளைவழிகள் கொண்ட மெய்நிகர் நோயாளிகளை இணையத்தில் உருவாக்கினர். மாணவர் குழு ஒரு முடிவைத் தெரிவு செய்தால் கதை அந்த வழியில் செல்லும். தவறாக முடிவெடுத்தால் நோயாளியின் நிலை மோசமாகும், மாணவர்கள் அந்த நிலையிலிருந்துதான் தொடர வேண்டும்.

இதே உத்தி, பிரிட்டனின் உயர்கல்வித் தொழில்நுட்ப அமைப்பான ஜிஸ்க் அளித்த நிதியுதவியோடும் கவன்ட்ரி பல்கலைக்கழகத்தின் கூட்டோடும், பிரிவ்யூ என்ற திட்டத்தின் கீழ் 2008-இல் செகண்ட் லைஃப் என்ற முப்பரிமாண இணைய உலகுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் தொடங்கிய அந்த உலகில் பயனாளர் ஒவ்வொருவரும் ஓர் உருவம் எடுத்து உலவுவார். அந்த உருவத்துக்கு அவதார் என்று பெயர். நம்மிடமிருந்து கடன் வாங்கிய சொல்தான்.

வீட்டில் இருக்கும் ஒரு மாணவரும் ஆம்புலன்ஸ் நிலையத்தில் இருக்கும் மற்றொருவரும் அங்கே ஒரே சம்பவ இடத்தில் சந்திப்பார்கள். நோயாளியின் நாடித்துடிப்பைப் பார்ப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பிராணவாயு முகமூடி பொருத்துவது, மருந்து கொடுப்பது என ஒவ்வொன்றையும் தங்களுக்குள் பேசித் தீர்மானித்துச் செய்ய வேண்டும். பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, நோயாளியை ஒப்படைக்கும்போது வழங்க வேண்டிய குறிப்பை எழுத வேண்டும். அந்தக் குறிப்பு மின்னஞ்சலாக நிஜமான பயிற்றுநரைச் சென்றடையும், அவர் அதைப் படித்துத் தன் கருத்தைத் தெரிவிப்பார்.

திட்டத்தின் உயிர்நாடி இந்தக் கடைசிக் கட்டம்தான் என்று சொல்லலாம். செய்தி ஊடகங்கள் அப்போது முப்பரிமாணக் காட்சிகளில்தான் மயங்கின. ஆனால் களத்தில் ஓர் அவசர மருத்துவ உதவியாளரின் அன்றாடப் பொறுப்புகளில் முக்கியமானது, தான் கண்டதையும் செய்ததையும் சில வரிகளில் பிழையின்றி அடுத்தவரிடம் ஒப்படைப்பது. அந்த வரிகளை அனுபவமுள்ள ஒருவர் படித்துத் திருத்துவதற்கு இணையம் வழி செய்தது. முப்பரிமாணக் காட்சி இல்லாமலும் இதைச் செய்திருக்க முடியும்.

செகண்ட் லைஃபைப் பொறுத்தவரை, அதன் குறைகள் விரைவிலேயே தெரிந்தன. சக்திவாய்ந்த கணினியும் வேகமான இணைப்பும் அதற்குத் தேவைப்பட்டன. பொது நிறுவனங்களின் கணினி வலையமைப்புகள் பலவற்றில் இத்தகைய மென்பொருட்களுக்கு அனுமதி இருப்பதில்லை. புதியவர் ஒருவர் மருத்துவம் கற்பதற்கு முன் அவதாரை நடக்க வைக்கக் கற்க வேண்டியிருந்தது. 2010 அக்டோபரில் லிண்டன் லேப் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணச் சலுகையை நிறுத்தப்போவதாக அறிவித்ததும், பல பல்கலைக்கழகங்களின் ஆர்வம் தணிந்தது. 2013-இல் சலுகை மீண்டும் வழங்கப்பட்டபோதும் பழைய உற்சாகம் திரும்பவில்லை.

ஆயினும் டூட்டிங் குழுவினரின் உழைப்பு அதோடு அழிந்துபோகவில்லை. திட்டத்துக்காக உருவாக்கப்பட்ட பிவோட் என்ற மென்பொருள், நோயாளியின் கதையை செகண்ட் லைஃபுக்கு வெளியே தனியாக ஓர் இணைய வழங்கியில் சேமித்து வைத்தது. ஆகவே அதே கதையைச் சாதாரண இணையப் பக்கத்திலும் பயன்படுத்த முடிந்தது. பாடத்தையும் அதைக் காட்டும் கருவியையும் பிரித்து வைத்த இந்த முன்யோசனை, இன்று கைத்தொலைபேசிச் செயலிகளில் பாடங்களைப் பூட்டி வைக்கும் பல பயிற்சி நிறுவனங்களிடம் காணப்படாத ஒன்று.

2007 முதல் 2010 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் செயிண்ட் ஜார்ஜ் தலைமையில் 9 பல்கலைக்கழகங்கள் இணைந்து, 300-க்கும் மேற்பட்ட மெய்நிகர் நோயாளிகளின் தொகுப்பை உருவாக்கின. ஒரு நாட்டில் எழுதப்பட்ட கதையை வேறொரு நாட்டின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ப மாற்றுவது அதன் நோக்கங்களில் ஒன்று. பின்னர் மருத்துவத் தவறுகளைத் தவிர்ப்பதற்கான பயிற்சித் திட்டத்தின் மூலம் இம்முறை கசகஸ்தான், உக்ரைன், வியட்நாம் ஆகிய நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளையும் எட்டியது.

தமிழ் பேசும் பகுதிகளிலும் இதற்கான தேவை சிறியதல்ல. டூட்டிங் பரிசோதனை நடந்த அதே 2008-ஆம் ஆண்டில்தான் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. இலங்கையில் 1990 சுவசெரிய சேவை இந்தியாவின் நிதியுதவியுடன் 2016-இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டு, 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்டது. அதன் தொடக்கக்கால ஊழியர்கள் ஹைதராபாத்துக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கப்பட்டனர். அடிப்படைப் பயிற்சி அவ்வாறு கிடைத்துவிடும். ஆனால் பணியில் சேர்ந்த பின் ஒரு கிராமப்புற ஆம்புலன்ஸ் ஊழியர் தன் அறிவைப் புதுப்பித்துக்கொள்வது எவ்வாறு என்பதே கடினமான கேள்வி. பிரிட்டனில் அவசர மருத்துவ உதவியாளர்கள் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை தமது பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தொடர்ந்து கற்றுவருவது பதிவை வைத்திருப்பதற்கான நிபந்தனை. அதனால் அவர்களுக்கு வழங்கப்படும் இணையப் பாடங்களுக்கு ஒரு நிலையான தேவை இருக்கிறது.

ஐரோப்பியத் தொகுப்பின் கதைகளை அப்படியே மொழிபெயர்ப்பதால் அதிகப் பயன் விளையாது. பாம்புக்கடியும் பூச்சிமருந்து நஞ்சும் லண்டன் ஆம்புலன்ஸ் ஊழியருக்கு அபூர்வமானவை. வன்னியிலும் தஞ்சையிலும் அப்படியல்ல. லண்டனில் நோயாளி பெரும்பாலும் தனியாகவே பேசுவார். நம் ஊரில் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், கேள்விக்கு விடை தாயிடமிருந்தோ மைத்துனரிடமிருந்தோதான் வரும். குடித்தது எது, எப்போது என்ற உண்மை, கூட்டத்தை விலக்கி மெதுவாகக் கேட்டால் மட்டுமே வெளிவரும். அந்தக் கிளைவழிகளை எழுதக்கூடியவர்கள் அந்த ஊர்களில் பணியாற்றும் மருத்துவர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுமே.

செலவு என்று பார்த்தால், கிளைவழிக் கதைகளை எழுதுவதற்கான மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. செலவு பிடிப்பது பயிற்றுநரின் நேரம். இரவுப் பணி முடித்த ஒருவர் எழுதி அனுப்பும் குறிப்பை மறுநாளே படித்துப் பதில் எழுத ஆள் வேண்டும், அதற்கான நேரம் அவரது வேலை நேரத்தில் ஒதுக்கப்பட வேண்டும். செயிண்ட் ஜார்ஜ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் சிட்டி பல்கலைக்கழகத்துடன் இணைந்து சிட்டி செயிண்ட் ஜார்ஜ் என்ற பெயரைப் பெற்றுள்ளது. டூட்டிங் வளாகத்தில் மருத்துவக் கல்வி தொடர்கிறது.