ஈயச்சொம்பா, பீங்கான் குக்கரா? ஈயத்தின் இரண்டாயிரம் ஆண்டுக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் கடைசி வரை படிச்சிடுங்க.

மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்க எங்கள் ஓபிக்கு வரும் ஓடைப்பட்டி அம்மா ஒருவர், போன வாரம் போனை நீட்டினார்.

"தம்பி, பெங்களூர்ல இருக்குற மகன் பீங்கான் வச்ச கரண்டு குக்கர் வாங்கி அனுப்பிருக்கான். அதுல ஈயம் இருக்கு, சமைக்காதீங்கன்னு வாட்ஸ்ஆப்புல வருது. பேத்தி அஞ்சு மாசம் முழுகாம இருக்கா. தூக்கிப் போட்டுரவா?"

"இப்ப எதுல சமைக்கிறீங்கம்மா?"

"சோறு குழம்பு எல்லாம் சில்வர்ல. ரசம் மட்டும் ஈயச்சொம்புல. யூடியூப்ல பாத்துட்டு பேத்தி வாங்கினா. தெனமும் அதுலதான்."

வாட்ஸ்ஆப் பயம் குக்கர் மேல. எனக்குக் கவலை வந்தது சொம்பு மேல. ஏன்னு புரிய, கொஞ்சம் வரலாற்றுக்குள்ள போயிட்டு வரணும். வாங்க.

முதல்ல பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். தமிழில் "ஈயம்" என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ஒன்று வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும், நல்ல ஈயச்சொம்பு செய்வதும் இதில்தான். உணவுக்குப் பாதுகாப்பானது. இன்னொன்று காரீயம். பேட்டரியிலும் பழைய பெயிண்டிலும் இருப்பது. இது நஞ்சு. இரண்டும் மென்மையானவை, சுலபமா உருகுபவை. வெள்ளீயம் 232 டிகிரியில், காரீயம் 327 டிகிரியில் உருகும். ஒன்றோடொன்று நன்றாகக் கலக்கும். விலைதான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வெள்ளீயம் காரீயத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல். கலப்படம் செய்ய நினைப்பவருக்கு வேறு காரணமே தேவையில்லை.

இந்த இரண்டுமே நம்ம ஊருக்குக் கப்பலில் வந்த சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, முசிறி பக்கம் இறக்குமதியான பொருட்களில் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் சொல்கிறது. ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியர்கள் முத்தையும் மணியையும் கொடுத்து இந்த உலோகங்களை வாங்குகிறார்கள் என்று எழுதினார்.

அதே ரோமானியர்கள் தங்கள் சமையலில் என்ன செய்தார்கள் தெரியுமா? திராட்சைச் சாற்றைப் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ சுண்டக் காய்ச்சி இனிப்புப் பாகு எடுத்தார்கள். அதைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சச் சொல்லி பிளினியும் கொலுமெல்லாவும் பரிந்துரைத்தார்கள். செம்பில் காய்ச்சினால் களிம்பு ஏறி ருசி கெடுமாம். காரீயத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. காரீய உப்பு நாக்குக்கு இனிக்கும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ரோமப் பேரரசு இதனால்தான் விழுந்தது என்று சிலர் சொல்வதை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் விஷம் உடலுக்குள் போனது உண்மை.

ஓடைப்பட்டிக்காரர்களுக்குத் திராட்சையைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் நம்ம புளியிலும் இருக்கிறது. அமிலம், சூடு, நேரம் இந்த மூன்றும் சேர்ந்தால் பாத்திரத்தில் இருக்கும் காரீயம் கரைந்து உணவுக்குள் இறங்கும். ரோமானியப் பாகுக்கும் நம்ம ரசத்துக்கும் வேதியியல் ஒன்றுதான்.

1690களில் ஜெர்மனியின் உல்ம் நகரில் பலருக்குக் கடுமையான வயிற்று வலி. அங்கே மருத்துவராக இருந்த எபர்ஹார்ட் காக்கல் கவனித்தார்: மடத்தில் ஒயின் குடிக்காத துறவிகளுக்கு நோய் இல்லை. விசாரித்தால், புளித்த ஒயினை இனிப்பாக்கக் காரீய ஆக்சைடு சேர்த்திருக்கிறார்கள். 1696ல் அந்தப் பகுதியின் கோமகன் அதைத் தடை செய்தார்.

1767ல் இங்கிலாந்தில் டாக்டர் ஜார்ஜ் பேக்கர், டெவன் பகுதி மக்களை வருத்திய வயிற்று வலிக்குக் காரணம் அவர்கள் குடிக்கும் ஆப்பிள் மதுவில் இருக்கும் காரீயம் என்று சோதித்துக் காட்டினார். ஆப்பிள் பிழியும் செக்கில் காரீயத் தகடு. ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் கோபம். பாரம்பரியத் தொழிலைக் கெடுக்கிறான் என்று திட்டினார்கள். செக்கில் இருந்து காரீயம் போகப் போக, நோயும் போனது.

சரி, பீங்கானுக்கு வருவோம். மண் பாத்திரத்தின் மேல் இருக்கும் பளபளப்பு ஒரு கண்ணாடிப் பூச்சு. கண்ணாடி உருக அதிகச் சூடு வேண்டும். காரீயம் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகி வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். சூளையில் சரியாக வேகாத பூச்சு என்றால் அதில் இருக்கும் காரீயம் வெளியே வரும். 1200 டிகிரிக்கு மேல் சுடும் கெட்டிப் பீங்கானுக்குக் காரீயம் தேவையே இல்லை.

1970ல் கனடாவின் மாண்ட்ரியல் மருத்துவர்கள் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தார்கள். பளபளப்புப் பூச்சு போட்ட மண் ஜாடியில் ஊற்றி வைத்த ஆப்பிள் ஜூஸைக் குடித்த சிறு குழந்தை காரீய நஞ்சால் இறந்துபோனது. சமைக்கக்கூட இல்லை, ஊற்றி வைத்தது மட்டும்தான். அதற்கு அடுத்த வருடம், 1971ல், அமெரிக்க எஃப்.டி.ஏ. பீங்கான் பாத்திரத்தில் இருந்து இவ்வளவுக்கு மேல் காரீயம் கசியக் கூடாது என்று அளவு வைத்தது. பிறகு அதையும் பலமுறை குறைத்தார்கள். 'க்ராக்-பாட்' என்ற ஸ்லோ குக்கர் சந்தைக்கு வந்ததும் அதே 1971ல்தான்.

கசிவுச் சோதனையில் தேறிய கம்பெனிப் பீங்கான் குக்கரைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. பூச்சுக்குள் உலோகம் இருப்பது வேறு, அது சாப்பாட்டில் இறங்குவது வேறு. பெயர் தெரியாத மலிவு பீங்கான், உள்பக்கம் சிவப்பு, மஞ்சள் அலங்காரம் போட்டது (அதில் காட்மியமும் இருக்கலாம்), விரிசல் விட்டது, பூச்சு உதிர்ந்தது... இவற்றில்தான் கவனம் தேவை.

இப்போ நம்ம பக்கம். ஆகஸ்ட் 2025ல் அதே எஃப்.டி.ஏ., இறக்குமதியாகும் சில அலுமினியம், பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களில் இருந்து காரீயம் கசியலாம் என்று எச்சரித்தது. இண்டாலியம் யாருடைய அடுப்படிச் சாமான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யுனிசெஃப் 2020ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தைகள் அதிகம் உள்ள நாடு இந்தியா.

பெரியவர் உடல், உள்ளே போகும் காரீயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் ஈர்க்கும். குழந்தை உடல் பாதி வரை ஈர்க்கும். ரத்தசோகை, கால்சியம் குறைவு இருந்தால் இன்னும் கூடும். போன காரீயம் எலும்பில் பல வருடம் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பில் இருந்து கால்சியம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம் எல்லாம் அடிபடும். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்:

✅ சுத்தமான வெள்ளீயச் சொம்பு என்றால் பயமில்லை. ஆனால் சுத்தமா என்று கண்ணால் பார்த்தோ தட்டிப் பார்த்தோ சொல்ல முடியாது. உலோகச் சோதனை செய்த சீட்டு இல்லாத சொம்பு, பேத்தி பிள்ளை பெற்று பால் கொடுத்து முடிக்கும் வரை அலமாரியில் இருக்கட்டும். ரசம் சில்வரில் வைங்க.

✅ பித்தளைக்கு ஈயம் பூச, தெரிந்த ஆளிடம் வெள்ளீயம் மட்டும் என்று கேட்டுப் பூசுங்க.

✅ குக்கரைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே விரிசல் இருக்கா பாருங்க. புளி, தக்காளி போட்டதை அதிலேயே ராத்திரி முழுக்க விடாதீங்க.

✅ பேத்தி இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையை விடாமல் சாப்பிடணும்.

✅ பேத்திக்கு ரத்தத்தில் காரீய அளவு பார்த்துவிடலாம். நம்மிடம் அந்த வசதி இல்லை, பெரிய லேபுக்கு எழுதித் தருகிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் காலத்துல எல்லாரும் இதுல தானே தம்பி குடிச்சாங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. அன்று நல்ல வெள்ளீயத்தில் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கலப்படத்தில் குடித்தவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. இன்று நம்மால் அளக்க முடியும்.

சொம்பை எடுத்து மேலே வைத்துவிட்டதாக நேற்று பேத்தியே வந்து சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருந்தால், இன்றைக்கே அடுப்படிக்குப் போய் ரசம் எதில் கொதிக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.