பொறுமையும் பொறுப்பும்: தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பின் 88 ஆண்டுகள்

முன்னுரை

கிறிஸ்தவ வாழ்வியல் அறங்களுள் பொறுமை தனியிடம் பெற்றது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் கி.பி. 200ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இதற்கெனத் தனிநூல் இயற்றினார். தம்மிடம் இல்லாத பண்பைப் பற்றித் தாம் எழுத நேர்ந்ததை அவர் அந்நூலிலேயே ஒப்புக்கொள்கிறார். அதே நகரின் ஆயர் சிப்ரியன் 256ஆம் ஆண்டில் பொறுமையின் நன்மை குறித்து எழுதினார்; இரண்டாண்டுகள் கழித்து உரோம அரசின் ஆணையால் கொல்லப்பட்டார். பொறுமையைப் போதிப்பது ஒன்று, அதன்படி வாழ்வது வேறொன்று என்பது தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது.

இப்பண்பு தமிழ்ச் சூழலில் எவ்வாறு செயல்பட்டது என்பதை அறிய, தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பின் வரலாறு நமக்குத் தக்க சான்றாகிறது. 1708இல் தரங்கம்பாடியில் தொடங்கிய அப்பணி, பின்வந்தோர் பொன்மொழிபெயர்ப்பு எனப் போற்றிய வடிவத்தை முழுமையாக எட்டியது 1796இல். இடைப்பட்ட 88 ஆண்டுகளில் பொறுமை எவ்வடிவில் வெளிப்பட்டது, அதன் எல்லை யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பொறுமையைக் குறிக்க இரு சொற்கள் முதன்மையாக வழங்குகின்றன. ஒன்று ‘ஹுப்பொமொனே’, ஒரு சுமையின்கீழ் விலகாமல் நிலைத்திருத்தல் என்பது அதன் சொற்பொருள். மற்றொன்று ‘மக்ரோதுமியா’, சினம் எழ நெடுநேரமாகும் மனநிலையை அது சுட்டும். முன்னது பெரும்பாலும் சூழ்நிலையைத் தாங்குவது. பின்னது பெரும்பாலும் மனிதரைத் தாங்குவது. 1871ஆம் ஆண்டுத் தமிழ் விவிலியத்தில் நாம் காணும் ‘நீடிய பொறுமை’, ‘நீடிய சாந்தம்’ ஆகிய தொடர்கள் இரண்டாவது சொல்லின் நெடுமையைக் காட்ட முயன்றவை எனலாம்.

தமிழில் ‘பொறை’ என்பது சுமையையும் குறிக்கும், பொறுத்தலையும் குறிக்கும். திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் பிறர் செய்யும் தீங்கைத் தாங்குவதையே முதன்மைப்படுத்துவதால், அது இரண்டாவது கிரேக்கச் சொல்லுக்கு நெருங்கி நிற்கிறது. முதற்சொல்லின் பொருளோ தமிழ் வேர்ச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. அவ்வேரிலிருந்தே ‘பொறுப்பு’ என்னும் சொல்லும் பிறந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

யாக்கோபு நிருபம் பொறுமைக்கு உழவனை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. பாலஸ்தீனத்தில் முன்மாரி விதைப்புக் காலத்திலும் பின்மாரி கதிர் முற்றும் முன்பும் பொழிவன. உழவன் இவ்விரு மழைகளுக்கும் காத்திருக்கிறான். ஆயினும் அவன் காத்திருப்பது உழுது விதைத்த நிலத்தருகே. செய்ய வேண்டியதைச் செய்தவனின் காத்திருப்பே அங்குப் பேசப்படுகிறது.

தரங்கம்பாடி: தடைபட்ட பணி

ஜெர்மானியரான சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டேனியரின் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த திங்களிலேயே டேனிய ஆளுநர் அவரைச் சிறையிலடைத்தார். நான்கு திங்கள் கழித்து விடுதலை பெற்றவர், 1711 மார்ச்சில் அம்மொழிபெயர்ப்பை முடித்தார்.

முடிந்த நூல் அச்சேற மேலும் சில ஆண்டுகள் ஆயின. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுக் கடல்வழியே வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1714இல் தொடங்கிய அச்சுப்பணி 1715இல் நிறைவெய்தியது.

இப்பணிக்கு எல்லோரும் ஆதரவாக இருக்கவில்லை. கோபன்ஹேகன் நகரிலிருந்த மிஷன் குழுவின் செயலாளர் வெண்ட், மறைப்பணியாளர் உலகியல் ஏற்பாடுகளில் ஈடுபடுதல் தகாது என்னும் கருத்தினர். இறைவனின் வேளைக்காகக் காத்திருத்தல் என்பதன் பொருள் குறித்தே இங்கு இரு நோக்குகள் மோதின எனலாம். சீகன்பால்கு இப்பூசலினூடே 1719 பிப்ரவரியில் தம் 36ஆம் வயதில் மறைந்தார். அப்போது பழைய ஏற்பாட்டில் ரூத்து ஆகமம் வரையே மொழிபெயர்ப்பு முடிந்திருந்தது.

இக்காத்திருப்பின் விலையைச் செலுத்தியவர் ஐரோப்பியர் மட்டுமல்லர். சீகன்பால்குவுக்குத் தமிழ்ச் சமயங்களையும் வழக்காறுகளையும் விளக்கிய மொழிபெயர்ப்பாளர் அழகப்பன் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். தஞ்சை நாட்டில் சிறையும் கண்டார். மறைப்பணி வரலாறுகளில் பொறுமையின் எடுத்துக்காட்டாக அவர் பெயர் அரிதாகவே சுட்டப்படுகிறது.

வேப்பேரி: திருத்தும் பொறுமை

சீகன்பால்கு விட்ட பணியைச் சூல்ட்சே தொடர்ந்தார். 1728இல் முழு விவிலியமும் அச்சில் நிறைவு பெற்றது. இந்திய மொழிகளுள் முதலில் முழு விவிலியம் பெற்றது தமிழே. எனினும் அதன் நடை தமிழ் படித்தோருக்கு நிறைவளிக்கவில்லை. முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட பணியை மீண்டும் கையிலெடுக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு வரலாற்றில் இதைவிடக் கடினமான பொறுமை வேறில்லை எனலாம்.

அப்பொறுப்பை ஏற்றவர் பப்ரிசியஸ். சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை முடித்த அதே 1711ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1740இல் தரங்கம்பாடிக்கும் 1742இல் சென்னைக்கும் வந்தார். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். அமைதி திரும்பியபின் வேப்பேரியில் தங்கி, மூலமொழிகளோடு ஒப்புநோக்கித் தமிழறிந்தோர் துணையுடன் முந்தைய மொழிபெயர்ப்பைத் திருத்தலானார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி அவர் கைக்கு வந்தது. சென்னைக்கு வந்து 30 ஆண்டுகள் கழித்தே, 1772இல், அவரது புதிய ஏற்பாடு வெளியாயிற்று. 1779இல் பிரெய்த்தௌப்ட் என்பாருடன் இணைந்து உருவாக்கிய தமிழ் – ஆங்கில அகராதியும் அங்கேயே அச்சாயிற்று.

பழைய ஏற்பாடு தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சேறி, 1796இல் முற்றுப்பெற்றது. பப்ரிசியஸ் 1791இலேயே மறைந்துவிட்டார். 51 ஆண்டுகள் ஐரோப்பாவுக்குத் திரும்பாமல் உழைத்தவர் தம் நூலை முழுமையாக அச்சில் காணவில்லை. 1871இல் பவர் தலைமையில் புதிய திருத்தம் வந்தபின்னும் தமிழ் லூத்தரன் திருச்சபையார் பப்ரிசியஸின் நூலைக் கைவிடாமல் பல்லாண்டுகள் பயன்படுத்தினர்.

பொறுமையின் எல்லை

இவ்வரலாற்றில் மறைக்கத் தகாத மற்றொரு பகுதியும் உண்டு. பப்ரிசியஸ் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை வட்டிக்கு விட்டு நிர்வகித்தார். கடன் வாங்கியோர் திருப்பித் தராமையால் பெரும் இழப்பு நேர்ந்தது. முதுமையில் கடனுக்காகச் சிறை செல்லும் நிலைக்கு அவர் ஆளானார். 1788இல் மிஷன் பொறுப்பு கெரிக்கே என்பாரிடம் சென்றது.

ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வல்லவர், கணக்கேட்டில் அதே விழிப்பைக் காட்டவில்லை. கடன் திரும்பி வரும் எனக் காத்திருந்ததையும் பொறுமை என்றே அவர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் பணத்தை ஒப்படைத்தவர்கள் அந்தக் காத்திருப்பின் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்பில் அவர் தம் உழைப்பைக் கொடுத்துக் காத்திருந்தார். பணத்திலோ பிறருடைய உடைமையை வைத்துக் காத்திருந்தார். இவ்வேறுபாடு அறநோக்கில் மிகவும் முக்கியமானது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இரு முடிவுகளுக்கு நாம் வருகிறோம். முதலாவது, தரங்கம்பாடி, வேப்பேரி மரபில் சிறந்து விளங்கிய பொறுமை, முடிவுறாத பணியின்கீழ் நிலைத்து நின்று, செய்ததைத் திரும்பத் திருத்த இசையும் மனப்பாங்காகும். யாக்கோபு நிருபத்து உழவனின் காத்திருப்போடு அது ஒத்துச் செல்கிறது. இரண்டாவது, காத்திருப்பவர் யார், அதன் சுமையைத் தாங்குபவர் யார் என்னும் வினாவை எழுப்பாமல் பொறுமையைப் போற்றுதல் நிறைவான மதிப்பீடாகாது. அழகப்பனின் துன்பமும் பப்ரிசியஸிடம் பணம் ஒப்படைத்தோரின் இழப்பும் அவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

பொறுமையையும் பொறுப்பையும் ஒரே வேரிலிருந்து தோற்றுவித்த தமிழ்மொழி, இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் ஆகாது என்பதை உணர்த்துகிறது. விவிலியத் தமிழைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இச்சொல்லுறவிலிருந்து தொடங்கினால், மாணவர் சொல்லின் பொருளோடு அதன் பின்னுள்ள வாழ்வையும் அறிந்துகொள்வர்.