மதில் கேட்டவர்களும் மதில் தாண்டியவர்களும்



அமெரிக்கத் தேர்தல் செய்தி வரும்போதெல்லாம் உங்களில் யாராவது கேட்கும் கேள்வி இது: "மதத்தையும் அரசையும் சட்டத்திலேயே பிரித்து வைத்த நாடு. அங்கே ஏன் சார் இவ்வளவு சர்ச் பேச்சு?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் பிரிவினையை விரும்பிக் கேட்டவர்களில் கிறிஸ்தவர்களே முன்னால் நின்றார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் அப்போது காங்கிரிகேஷனல் சபைக்குத்தான் அரசு ஆதரவு. பாப்டிஸ்டுகள் சிறுபான்மையினர். எங்கள் வழிபாடு அரசு தரும் சலுகையா, பிறப்புரிமையா என்ற கவலையோடு டான்பரி பாப்டிஸ்டுகள் ஜனாதிபதி ஜெபர்சனுக்கு எழுதினார்கள். 1802 ஜனவரி 1 அன்று அவர் எழுதிய பதிலில்தான் அரசுக்கும் திருச்சபைக்கும் நடுவே ஒரு மதில் என்ற உவமை வருகிறது. அரசின் கை சபைக்குள் நீளக் கூடாது என்பதே அவர்கள் கேட்டது. இதை நினைவில் வையுங்கள்.

இனி 1965-க்கு வருவோம். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அலபாமாவின் செல்மாவில் ஊர்வலம். தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாப்டிஸ்ட் போதகர். அதே மார்ச் மாதம், வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் ஜெர்ரி பால்வெல் என்ற இன்னொரு பாப்டிஸ்ட் போதகர் பிரசங்கம் செய்தார். போதகரின் வேலை ஆத்தும ஆதாயம், அரசியல் அல்ல என்பது அதன் சாரம்.

அதே பால்வெல்தான் 1979-இல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார்!

நடுவில் 14 ஆண்டுகளில் என்ன நடந்தது? 1973-இல் கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ வழக்குத் தீர்ப்புதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 1971-இலேயே தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது. அப்போது முன்னால் நின்று எதிர்த்தவர்கள் கத்தோலிக்க ஆயர்கள். இன்னொரு காரணத்தையும் வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். நிறப்பாகுபாடு காட்டிய தனியார் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களுக்கு அரசு வரிவிலக்கை மறுத்தது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக வழக்கில் 1983-இல் உச்ச நீதிமன்றமும் 8-க்கு 1 என்று அரசு பக்கமே தீர்ப்பளித்தது. இந்தக் கோபமா, கருக்கலைப்பா, எது முதல் பொறி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

1980 தேர்தலைப் பாருங்கள். ஒரு பக்கம் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய பாப்டிஸ்டான ஜிம்மி கார்ட்டர். மறுபக்கம் விவாகரத்தாகி மறுமணம் செய்த முன்னாள் திரைப்பட நடிகர் ரீகன். மாரல் மெஜாரிட்டி ரீகனுக்காக உழைத்தது. வேட்பாளரின் பக்தியைவிட அவருடைய கட்சிக் கொள்கை பெரிதாகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கிங் செய்ததும் அரசியல்தானே என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் அவர் தம் இயக்கத்தை எந்தக் கட்சியோடும் கட்டிப்போடவில்லை. ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஜான்சனையே வியட்நாம் போருக்காக 1967-இல் வெளிப்படையாக எதிர்த்தார். கட்சியைக் கண்டிக்கும் சுதந்திரம் அவர் கையில் இருந்தது.

பால்வெல் வழியில் வந்தவர்களுக்கு வெற்றி கிடைக்காமல் இல்லை. 2022-இல் ரோ தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் இதே காலத்தில், எந்த மதமும் சாராதவர் என்று சொல்லும் அமெரிக்கர்கள் பெருகி, இன்று பெரியவர்களில் 10 பேருக்குச் சுமார் 3 பேர் ஆகிவிட்டார்கள். சபை ஒரு கட்சியின் கிளைபோல் தெரிந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று சில சமூகவியல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சபை அரசியலை மாற்றியது உண்மை. அரசியல் சபையை மாற்றியதும் அதே அளவு உண்மை. டான்பரியின் அந்தச் சிறுபான்மையினர் அஞ்சியது இதைத்தான் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகளே, நீங்கள் நேரில் பார்ப்பதை எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன்!