படகுக்கு பாலிசி இல்ல, காருக்கு இருந்தும் இல்ல

அடி அண்ணாமலையில கடல் ஏது? கிரிவலப் பாதையில கார்தான். ஆனா க்ளெய்ம் வரலாறுன்னா படகையும் சேர்த்தே பேசணும் மக்களே.

இந்தியாவுல 1946லேர்ந்து வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நம்ம வண்டி உடைஞ்சா அதுல பைசா வராது. 2004 சுனாமியில நாகப்பட்டினம் கரையில நொறுங்கின கட்டுமரம், சின்னப் படகுல பெரும்பாலானதுக்கு இன்சூரன்சே இல்ல. க்ளெய்ம் பண்ண வழியில்லாம நிவாரணத்தைத்தான் நம்பி நின்னாங்க.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல கதை வேற. பாலிசி இருந்துச்சு. ஆனா தண்ணியில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போயிருந்தா, 'இது வெள்ளச் சேதம் இல்ல, நீங்க ஸ்டார்ட் பண்ணதால வந்த பின்விளைவு'ன்னு பல க்ளெய்ம்களுக்குக் கை விரிச்சாங்க. எங்க சித்தப்பாவுக்கும் அதே பதில்தான். எஞ்சின் பாதுகாப்பு தனியா சேர்த்தவங்க தப்பிச்சாங்க.

அதனால மழைக்கு முன்னாடி பாலிசியைப் படிங்க. கார் முங்கிடுச்சா, சாவியைத் தொடாதீங்க. போட்டோ எடுத்துட்டு, கட்டி இழுக்க ஆளைக் கூப்பிடுங்க.