அளவீடும் அலகும்: துவாக்குடிப் பட்டறைகளில்

அளந்து எண்ணால் சொல்லக்கூடிய எதுவும் இயற்பியல் அளவு. எண்ணோடு அலகும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். நீளம், நிறை, காலம், மின்னோட்டம், வெப்பநிலை, பொருளின் அளவு, ஒளிச்செறிவு ஆகிய ஏழும் அடிப்படை அளவுகள். மீட்டர், கிலோகிராம், வினாடி, ஆம்பியர், கெல்வின், மோல், கேண்டெலா ஆகியவை முறையே அவற்றின் அலகுகள். பரப்பு, வேகம், அழுத்தம் போன்ற மற்ற அளவுகள் இவற்றிலிருந்து பிறப்பவை.

திருச்சி-தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் உள்ள துவாக்குடியில், அருகிலுள்ள பெல் (BHEL) கொதிகலன் ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் ஏராளம். இங்கே வரைபடம் மில்லிமீட்டரில் வரும். பேச்சோ நூலில் நடக்கும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், அதாவது 3.175 மி.மீ. மூன்று நூல் கம்பி கணக்குப்படி 9.525 மி.மீ.; கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது 10 மி.மீ. கம்பி. நான்கு நூல் 12.7 மி.மீ.; கிடைப்பது 12 மி.மீ. கான்கிரீட்டுக்குக் கம்பி கட்ட இந்தப் பேச்சு போதும், கடைசல் வேலைக்கு உதவாது. அங்கே வெர்னியர் 0.02 மி.மீ. வரையும், மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. வரையும் காட்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது வெப்பநிலை. நீள அளவீட்டுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். திருச்சியின் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த 20 டிகிரி வேறுபாட்டில் ஒரு மீட்டர் எஃகு சுமார் 0.23 மி.மீ. நீளும். அளவுகோலும் எஃகாக இருந்து, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். கடைசலிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தால் அடிபடாது. நல்ல கடைசல்காரர் துண்டை ஆறவிட்டுத்தான் மைக்ரோமீட்டரை எடுப்பார். கருவி வாங்கும் காசைவிட இந்தப் பொறுமைதான் பெரிது.

ஊருக்கு ஊர் அளவு மாறினால் ஏமாற்று நுழையும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இதே சாலை போய்ச் சேரும் தஞ்சைப் பெரிய கோயிலில், பொன்னை நிறுத்த கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்றும், ரத்தினங்களை நிறுத்த கல்லுக்கு ‘தட்சிணமேருவிடங்கன்’ என்றும் பெயர் இருந்ததைக் கல்வெட்டில் பொறித்திருக்கிறார்கள். சுதந்திர இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம்.

அலகின் வரையறையும் காலத்தோடு மாறும். பாரிஸ் அருகே பாதுகாக்கப்பட்ட உலோக உருளையே நெடுங்காலம் கிலோகிராமாக இருந்தது. 2019 மே 20 முதல் கிலோகிராமை வரையறுப்பது பிளாங்க் மாறிலி என்ற இயற்கை மாறிலி.